குச்சிகளைத் திருப்பிவைக்கும் நாள்

வட கடலோரத்து மீன்மாவு ஆலையில்
இரவு ஷிப்ட் முடிந்து சிக்வால் வருவான்.
அவன் சாவியைத் துழாவும்போதே
கவிச்சி உள்ளே வந்துவிட்டிருக்கும்,
மேலங்கியைக் கழற்றி மாட்டி
நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கும்.
அந்தத் துறைமுகத்தில் அதைக்
காசின் வாசம் என்பார்கள்.
காசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
யாரும் தூங்குவதில்லையே என்று
மனசுக்குள் சொல்லிக்கொள்வாள் தூருன்.
வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.
கல்யாணமாகி எட்டே மாதம்.
அவனோ இரண்டு முறை குளித்துவிட்டு வருகிறவன்.

அதனால்தான் பாட்டில்.

முதலில் இறைச்சி சுடும் மூங்கில் குச்சிகளை நட்டுப் பார்த்தாள்.
நான்கு நாளாகியும் நுனி காய்ந்தே கிடந்தது.
மூங்கிலுக்குக் கணு உண்டு,
கணுவுக்குக் கணு கதவைச் சாத்திக்கொள்ளும்.
பிரம்பு அப்படியில்லை.
அடியிலிருந்து நுனிவரை நூல் நூலாய் வழி விட்டிருக்கும்.

பாதாம் எண்ணெய் கனம், ஏற மாட்டேன் என்றது.
இளக்குவதற்கு, கிறிஸ்துமஸுக்கென்று
அவன் ஒளித்துவைத்திருந்த சாராயத்தில்
கால் குவளை விட்டாள்.
ஒரு வாரம் வீடு முழுக்கச் சீமைச்சோம்பு.
'யாராவது ரொட்டி சுடுகிறார்களா?' என்று கேட்டான்.
'பக்கத்து வீட்டில்' என்றாள்.

அடுத்ததற்கு மணமில்லாத வோட்கா.
ஆரஞ்சுத் தோல் எண்ணெய், ஜூனிபர் எண்ணெய்,
சொட்டுச் சொட்டாய் எண்ணிக்கொண்டே வந்தாள்,
இருபத்து மூன்றில் போன் அடித்தது.
திரும்பி வந்தால் எண்ணிக்கை எங்கோ போயிருந்தது.
கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு பத்து.
பாட்டிலின் கழுத்து குறுகலாக இருக்க வேண்டும்;
வாய் அகன்றால் எல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.
இதைத் தனக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டாள்.

ஏழு குச்சி.
ஞாயிற்றுக்கிழமை தோறும் தலைகீழாய்த் திருப்பிவைக்க வேண்டும்.
நனைந்தது மேலே, காய்ந்தது கீழே.

பாட்டில் நின்ற மேஜை பிர்ச் மரம்.
இழைத்து, வார்னிஷ் மூன்று பூச்சு பூசி,
அடிப்பலகையில் சூட்டுக்கோலால்
பெயரும் பொறித்திருந்தாள்: மாங்னில்.
சிக்வாலின் முதல் மனைவி.
இப்போது பெர்கன் நகரில்,
வேறு ஒருவனுடன், வேறு மேஜையில்.
தரை துடைக்கும்போது மட்டும்
தூருன் அந்தப் பெயரைப் பார்ப்பாள்.
குனிந்தவள் பார்க்கத்தானே வேண்டும்.

நான்காவது ஞாயிறு பாட்டிலைத் தூக்கினாள்.
கீழே வெள்ளையாய் ஒரு வளையம்.
குச்சி திருப்பும்போது வழிந்த எண்ணெய்
மூன்று பூச்சையும் தின்றிருந்தது.
துணியால் தேய்த்தாள், வெண்ணெய் தடவினாள்,
பற்பசை, சாம்பல்.
வளையம் இன்னும் தெளிவாக வெளுத்தது.
வேண்டுமென்றே செய்ததாகத்தானே தோன்றும்
என்று நினைத்த மாத்திரத்தில்
வேண்டுமென்றேதான் செய்தோமோ என்றும் தோன்றியது.
பாட்டிலை அதே இடத்தில் வைத்தாள்.
அதன் பிறகு அதைத் தூக்கவேயில்லை,
குச்சிகளையும் திருப்பவில்லை.
மணம் நாளுக்கு நாள் மெலிந்தது.
கவிச்சி பழையபடி நாற்காலி இழுத்துப்போட்டது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு
பனி தள்ளிவிட்டு உள்ளே வந்தாள்.
பாட்டில் ஜன்னல் ஓரத்தில் இருந்தது.
அடியில் ஒரு சாசர்.
ஏழு குச்சியும் திரும்பியிருந்தன,
ஈர நுனி மேலே மினுங்கியது.
மேஜையில் வெள்ளை வளையத்தின் மேல்
பிசகாமல் பொருந்தி
அவனுடைய காபிக் கோப்பை.

அவன் செய்தித்தாளிலிருந்து நிமிரவில்லை.
'அளவு சரியாக இருக்கிறது' என்றான்.
கோப்பையைச் சொன்னானா
எண்ணெயைச் சொன்னானா தெரியவில்லை.

நாற்றம் என்ற சொல்லுக்கு
ஒரு காலத்தில் நறுமணம் என்று பொருள்.
என் மொழியில்தான் அப்படி, அவள் மொழியில் இல்லை.
அவள் கையுறையைக் கழற்றினாள்,
அவன் விரல்களை எடுத்து மூக்கருகே வைத்தாள்.
மேலே ஜூனிபர்,
அதற்குக் கீழே ஆரஞ்சு,
அதற்கும் கீழே, எந்தச் சோப்பும் போய்ச் சேராத ஆழத்தில்,
ஹெர்ரிங் மீன்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.
காபி ஆறிக்கொண்டிருந்தது.